சானல்கரை இறக்கம்

சிவதாணுவின் வலது கால் ஷூ ஒருவழியாகக் கழன்றுவிட்டது. இடது காலில்தான் முடிச்சு அவிழ மாட்டேன் என்று அழிச்சாட்டியம் செய்தது. உமையம்மாள் நகத்தால் நெருடிப் பார்த்தாள். பல்லால் கடித்து இழுக்கலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. செத்துக் கிடக்கும் புருஷனின் காலைக் கடித்தாள் என்று ஊரில் பேச்சாகிவிடும் என்பதால், கத்தரிக்கோல் எடுத்து வரச் சொல்லி அடுத்த வீட்டு அம்மிணியை உள்ளே அனுப்பினாள். மனிதர் வேறெந்தக் காரியத்தையும் இத்தனை கெட்டியாகச் செய்தவர் இல்லை. கல்யாணத்தன்று தாலியில் அவர் போட்ட முதல் முடிச்சையே நாத்தனார் அவிழ்த்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

"அதக் கழத்தாத பிள்ளே."

குரல் வாசலிலிருந்து வந்தது. செந்தில்வேல், சிவதாணுவின் அண்ணன், தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுப் பதினேழு வருஷம் ஆகியும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரோரங்களை ஒரு பார்வை பார்ப்பார். ஆக்கிரமிப்பு ஏதாவது கண்ணில் பட்டுவிடுமோ என்று இன்னும் ஒரு நப்பாசை.

"டாக்டர் வாறது வரைக்கும் எல்லாம் கெடந்தது போலக் கெடக்கட்டு" என்றார்.

"ஷூவோடயா பெரியத்தான் கெடத்தப்பட்டது? வெளக்கு வேற ஏத்தியாச்சு."

"அந்த ஷூவாக்கும் சாட்சி."

உமையம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். முன்னறையில் தெற்கே தலை வைத்து, ஒற்றைக் கால் ஷூவும் இரண்டு முட்டிலும் கறுப்பு உறையும் அரைக்கால் சட்டையுமாகக் கிடந்தார் சிவதாணு. அறுபத்தேழு வயது. தலைமாட்டில் தேங்காய் முறியில் திரி எரிந்தது. முகத்தில் வலியின் அடையாளம் ஒன்றுமில்லை. எதையோ எங்கே வைத்தோம் என்று யோசிக்கிற முகமாக இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

காலையில் நடந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை. மகன் அனில்குமார், மனைவி சுஜாவையும் மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. போன தடவை சம்பந்தி வந்த நேரத்தில் சிவதாணு தலைக்கவசம் மாட்டி, ஸ்கேட்போர்டு என்கிற சக்கரப் பலகையில் நின்றபடி, வீட்டு வாசலிலிருந்து கீழே வாய்க்கால் ஓடும் சானல்கரை வரை சரியும் கான்கிரீட் ரோட்டில் அவர்களுடைய காருக்கு எதிரே பாய்ந்து போனார். போகிற போக்கில் கைகூப்பி வணக்கமும் சொன்னார். சம்பந்தி அன்று முழுக்கச் சாம்பாரைப் பற்றி மட்டுமே பேசினார். இந்தத் தடவையாவது மானம் கப்பலேறாமல் இருக்கட்டும் என்று, சிவதாணு பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து, உமையம்மாள் பலகையைத் தூக்கித் தன் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் வந்து ஷூ மாட்டினார், முட்டு உறை மாட்டினார், கதவின் பின்னால் கையை விட்டார். பலகை இல்லை. கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போனார். ஏணி வைத்துப் பரணில் பார்த்தார். கோழிக்கூட்டுக்குள் டார்ச் அடித்தார். அரைமணி நேரம் இப்படித் தேடிவிட்டு, தலையில் ஒட்டடையோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"உமை, நீ பலகையக் கண்டியா?"

"நான் எங்க கண்டேன். பாயசத்த எளக்கவா, ஒங்களுக்க பலகையத் தேடவா?"

"செரி. இங்கதான் எங்கயாவது கெடக்கும்."

போய் முன்வாசல் சிட்அவுட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பாயசத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் கட்டன் சாயாவோடு போனபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். முப்பத்தொன்பது வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவரிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை ஒரு பொய். அதுவும் பாயசத்தைச் சாட்சிக்கு இழுத்துச் சொன்ன பொய்.

அவருக்கு இந்தக் கோட்டி பிடித்து ஆறு வருஷமாகிறது. பேரன் ஆதித்யனுக்கு அனில் வாங்கிக் கொடுத்த பலகை அது. அவன் முதல் நாளே விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு, இனி அதன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்றுவிட்டான். நகரத்து வீட்டில் வேண்டாமென்று ஆகிற சாமான்களுக்கெல்லாம் பாறசாலைப் பக்கத்து வீடுதானே போக்கிடம். உடைந்த உடற்பயிற்சி சைக்கிளோடு அதுவும் வந்து சேர்ந்தது. ஊரடங்கு நாட்களில், ரோட்டில் ஈ காக்கை இல்லாத ஒரு காலை, சிவதாணு அதில் ஏறி நின்றார். சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீசில் முப்பத்தொரு வருஷம், கிழக்கே இன்னார் வேலி மேற்கே இன்னார் வரப்பு என்று அடுத்தவன் நிலத்துக்கு நாலெல்லை எழுதி எழுதியே முதுகு வளைந்த ஆள். அம்மிணியின் மாட்டுத்தொழுவச் சுவரைப் பிடித்தபடி நான்கு மாதம் பழகினார். மாடு முதலில் மிரண்டது, பிறகு அதுவும் பழகிக்கொண்டது. ஊர்தான் பழகவில்லை.

அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று உமையம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"பிள்ளே, இப்பம் நான் எங்க போனாலும் ஒருத்தன் கையப் பிடிக்க வாறான். பஸ்ஸில கேறினா, அப்பூப்பா பாத்துண்ணு சொல்லுகான். படி எறங்கினா பாத்து. சாயாக்குச் சீனி போட்டா பாத்து. இந்த எறக்கத்தில மட்டும் ஒருத்தனாலயும் அதச் சொல்ல ஒக்காது. அவன் வாயத் தெறக்கும்ப நான் சானலுக்கிட்ட போயி எத்தியிருப்பேன்."

"எவ்வளவு நேரம் அது?"

"பதினோரு செகண்டு."

"பதினோரு செகண்டுக்கா இந்தப் பாடு?"

"மிச்ச நேரம் பூரா நீங்க எல்லாரும் சொல்லுகதக் கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

உமையம்மாள் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

ஆக, சிவதாணு விழவில்லை. ஆனால் உமையம்மாள் போட்ட சத்தத்தில் முதலில் ஓடி வந்தவன் அம்மிணியின் புருஷன் மோகனன். அவன் கண்டது முட்டு உறை, ஷூ, சட்டையெல்லாம் புழுதி, முழங்கையில் புதிதாகத் தோல் உரிந்த காயம். கட்டிலுக்கு அடியில் ஊர்ந்ததில் வந்த புழுதி, கட்டில் சட்டத்தில் உரசிய காயம். மோகனனுக்கு அது எப்படித் தெரியும்? பிளம்பிங் வேலை செய்கிறவன், தண்ணீர் சொட்டுகிற இடத்தை வைத்தே ஓட்டை எங்கே என்று சொல்லிவிடுகிறவன்.

"அண்ணன் எறக்கத்தில விழுந்து, எழும்பி வந்து, இங்க இருந்ததாக்கும்" என்று அந்த இடத்திலேயே முடிவு சொன்னான்.

"அவரு விழல்ல மோகனா."

"அக்கா அடுக்களையில இல்லியா நிண்ணது? எப்பிடிக் காணும்?"

செந்தில்வேல் வந்ததும் இது தீர்ப்பாகவே ஆகிவிட்டது. ஆறு வருஷமாக அவர் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், இந்த நாலு சக்கரம் உன்னைக் கொண்டுதான் போகும் என்று சொல்லி வந்தவர். சமாஜத்து ஆண்டுவிழாவில் மைக்கில்கூடச் சொல்லியிருக்கிறார். தம்பி செத்த துக்கம் அவருக்கு உண்மையான துக்கம்தான், கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் சொன்னது பலித்த ஒரு நிமிர்வும் அந்தத் துக்கத்துக்குள் இருந்தது. அவரே நினைத்தாலும் அதை மறைக்க முடியவில்லை.

"பலகை எங்க?" என்று கேட்டார். "கொன்ன சாமானம் வீட்டில இருக்கப்பிடாது. அவனுக்ககூட அதையும் வச்சு எரிச்சுரணும்."

வீட்டில் தேடினார்கள், இல்லை. இல்லை என்றதும் செந்தில்வேல் விரலை உயர்த்தினார். அப்படியானால் அது ரோட்டில்தான் போயிருக்கிறது, ஆளைத் தள்ளிவிட்டுத் தனியாக உருண்டு சானலில் விழுந்திருக்கிறது. மோகனனும் இன்னும் மூன்று பேரும் வேட்டியைத் தார்பாய்ச்சிச் சானலில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் தடவியதில் ஒரு குடைக்கம்பியும், யாரோ வீசிய சுவர்க்கடிகாரமும், போன வருஷம் காணாமல் போனதாக அம்மிணி பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்ட குக்கர் மூடியும் கிடைத்தன. பலகை கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு நிமிஷமும் விபத்து உறுதியாகிக்கொண்டே போனது.

உமையம்மாள் இடுப்புச் சாவியை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிடலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? கட்டினவர் கடைசியாகக் கேட்ட ஒரு சாமானை ஒளித்து வைத்துவிட்டு, தெரியாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், அதைத் தேடித் தேடித்தான் அவர் செத்தார் என்று இத்தனை பெண்கள் நடுவில் எந்த வாயால் சொல்வது? விழுந்து செத்தார் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். எரித்த பிறகு எல்லாம் சாம்பல்தானே. அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக வந்தது. இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு மணிக்கு அனிலின் கார் வந்தது. சம்பந்தியம்மாள் விருந்துக்கென்று கட்டி வந்த பட்டோடு இறங்கி, எந்த முகத்தோடு உள்ளே வருவது என்று தெரியாமல் செவ்வாழைக் குலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே அழுதாள். அதை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுக்களையில் இருந்த பாயசத்தையும் அவியலையும் அம்மிணி குட்டுவப் பாத்திரங்களோடு தன் வீட்டுக்குச் சுமந்து போனாள். சாவு வீட்டில் அடுப்பெரிந்த சமையல் ஆகாது. அனில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அந்த ஒற்றை ஷூவைப் பிடித்துக்கொண்டான். அழுகைக்கு நடுவே மாமனாரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்பா காலையில் நடக்கப் போகிறவர் என்றுதான் ஆரம்பத்தில் அவரிடம் சொல்லி வைத்திருந்தான்.

அவர்களுக்குப் பின்னாலேயே பொன்னையன் டாக்டர் வந்தார். ஞாயிறு ஆராதனை முடிகிறவரை அவர் போனை அணைத்து வைத்திருப்பார் என்பதால் அதுவரை ஆள் கிடைக்கவில்லை. பதினைந்து வருஷமாகச் சிவதாணுவுக்கு மருந்து எழுதுகிறவர். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். சர்ட்டிபிகேட் புத்தகத்தை எடுத்தவர், எழுதாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"உமையம்மா, பிரஷர் உண்டு, சுகர் உண்டு, நெஞ்சில ஒரு அடைப்பும் உண்டு. இது என்னண்ணு எனக்குக் கண்டா மனசிலாவும். ஆனா எழுத முடியாத நெலமையிலயாக்கும் என்னக் கொண்டு நிறுத்தியிருக்காங்க."

"ஏன் டாக்டரே?"

"நீங்க ஜங்ஷன்ல ஃபிளக்ஸ் கண்டியளா?"

அவள் எங்கே கண்டாள். மோகனனின் மகன் அஜின் ஜங்ஷனில் ஃபிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். இந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால் உடம்பு ஆறுவதற்குள் ஜங்ஷனில் ஆதராஞ்சலி என்று அஞ்சலி ஃபிளக்ஸ் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் செத்தவருக்கு ஆளில்லை என்று அர்த்தம். அப்பா போனில் சொன்னதும் அஜின் ஒரு கல்யாண ஃபிளக்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிவதாணு அண்ணனை அடித்து ஏற்றிவிட்டான். ஊர்க் கலைச் சங்கமான கலாசமிதியில் சிவதாணு மூத்த உறுப்பினர், அஜினுக்குப் பாசத்துக்குக் குறைவில்லை. பத்தடி உயரம். போன ஓணத்துக்கு அவனே எடுத்த படம், இரண்டு கையையும் விரித்துப் பலகையில் நிற்கிற சிவதாணு. கீழே மலையாளத்தில், கண்ணீரில் நனைந்த ஆதராஞ்சலிகள். அதற்கும் கீழே, சிவப்பில், ஸ்கேட்டிங் அபகடத்தில் நம்மை விட்டுப் பிரிந்த பிரிய சிவதாணு அண்ணன். அபகடம் என்றால் விபத்து.

"அபகடம்ணு பத்தடியில எழுதி, அடியில கலாசமிதிண்ணும் போட்டாச்சு" என்றார் டாக்டர். "பஸ் நிறுத்தி ஆளுகள் வாசிக்காங்க. நான் இங்க இருந்து ஹார்ட்டுண்ணு எழுதிக் கொடுத்தா, நாளைக்கு எவனாவது ஒரு பெட்டிஷன் போட்டா, கோர்ட்டுக்கு நடக்க எனக்குக் காலு வேண்டாமா? போலீசுக்கு அறிவிச்சிருங்க. போஸ்ட்மார்ட்டம் ஆனா எல்லாருக்கும் சமாதானம்."

முதலில் செந்தில்வேலே கலங்கிவிட்டார். தம்பி தன் பேச்சைக் கேட்காமல் செத்தான் என்று நிலைநாட்டத்தான் அவர் நினைத்தார், அறுப்புக்கு அனுப்ப நினைக்கவில்லை. ஆனாலும் பிடித்ததை விட முடியவில்லை.

"அவரு விழல்ல டாக்டரே" என்றாள் உமையம்மாள். "கசேரியில இருந்த இருப்பில போனாரு."

"விழுந்தது நீ காணல்லண்ணு சொல்லு பிள்ளே" என்றார் செந்தில்வேல். "வீட்டில பலகை இல்ல டாக்டரே, அதாக்கும் காரியம். இவன் வெளிய கொண்டு போவாம அது எங்க போவும்? சானலும் பூராத் தப்பிப் பாத்தாச்சு."

"அம்மா, டாக்டர் சொல்லுகது போலச் செய்யலாம்" என்றான் அனில் மெதுவாக. "இண்ணு ஞாயிறு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தருவாங்க."

உமையம்மாள் இருபத்திரண்டு வருஷம் பஞ்சாயத்து ஆபீசில் ஜனன மரணப் பதிவு எழுதியவள். மரண காரணம் என்ற கட்டத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்களை இரண்டு வார்த்தையில் எழுதி முடித்திருக்கிறாள். விபத்து என்று எழுதிய கட்டத்துக்குப் பின்னால் என்னென்ன தாள்கள் வரும், அந்தத் தாள்களில் ஒரு மனிதனை எங்கே தொடங்கி எங்கே வரை கீறினார்கள் என்று எப்படி எழுதியிருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாழ்நாள் முழுக்க ஒரு ஊசிக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டவர். அவரை அந்த மேசைமேல் கிடத்துவதா, தன் மானத்துக்காக?

எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்திருந்தது. கூட்டம் விலகி வழிவிட, படுக்கையறைக்குள் போய், கதவைச் சாத்தாமலேயே பீரோவைத் திறந்தாள். சாவி திரும்பும் சத்தம் வெளியே எல்லோருக்கும் கேட்டது. கல்யாணப் பட்டு, சஷ்டியப்தப் பட்டு, மகன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு என்று ஒவ்வொன்றாகக் கட்டிலில் எடுத்துப் போட்டாள். கடைசிச் சேலையில் இரண்டு சக்கரத்தின் சேறு வட்டமாகப் பதிந்திருந்தது. பலகையைத் தூக்கி இடுப்பில் குழந்தையை வைப்பதுபோல வைத்துக்கொண்டு வந்து, டாக்டரின் முன்னால் தரையில் வைத்தாள்.

"இன்னா இருக்கு."

செந்தில்வேல் குனிந்து ஒரு சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தார்.

"இது எப்பம் உள்ள வச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"காலம்பற ஏழே முக்காலுக்கு. அவரு பல்லு தேச்சிட்டு நிக்கும்ப நான் எடுத்து வச்சுப் பூட்டினேன். சாவி எனக்க இடுப்பிலதான் இருக்கு. அந்தப் புழுதி கட்டிலுக்கு அடியில உள்ளது. கை உரஞ்சதும் அங்கதான். வேணும்னா குனிஞ்சு பாருங்கோ, அவரு ஊந்து போன தடம் கெடக்கும். நான் அங்க தூத்து ஒரு மாசம் ஆச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது." பலகையைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டாரு. நான் காணல்லண்ணு சொன்னேன். சம்பந்தக்காரங்க வாறாங்கண்ணு ஒளிச்சு வச்சேன். எனக்க கையில இருந்துட்டே அவரத் தேட விட்டேன்."

சம்பந்தி மேலே சுழலாத மின்விசிறியைப் பார்த்தார். அனில் தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் உண்மையிலேயே உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, வேட்டி முட்டில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டு, புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். கையெழுத்துப் போட்டபின் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இது வர வேண்டியதாக்கும் உமையம்மா. பலகை கையில இருந்தாலும் வந்திருக்கும், இல்லேண்ணாலும் வந்திருக்கும். அதயே நெனச்சிட்டு இருக்காதீங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஃபிளக்ஸின் அந்தச் சிவப்பு வரியை அழிக்க அஜின் கறுப்புப் பெயிண்ட் டப்பாவோடு ஜங்ஷனுக்கு ஓடினான். அம்மிணி கொண்டு வந்து எப்போதோ வைத்துவிட்டுப் போன கத்தரிக்கோலால் அனில் அந்த ஷூ நாடாவை வெட்டினான். குளிப்பாட்டி, விபூதி பூசி, வேட்டி கட்டியதும் சிவதாணு திரும்பவும் சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ் சிவதாணுவாகிவிட்டார். யார் பார்த்தாலும் அமைதியான, எல்லையோடு அடங்கிய மனிதர்.

இனிமேல்தான் உமையம்மாளுக்குப் பெரிய பாடு காத்திருந்தது. தன்னைத் திட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருவரும் திட்டவில்லை. பாராட்டினார்கள்.

"அக்கா செய்ததாக்கும் செரி" என்றாள் அம்மிணி, அவள் தோளைத் தடவி. "இல்லேண்ணா ரோட்டில நாலு பேரு கால் பக்கத்தில கெடந்து போயிருப்பாரு. இதிப்பம் வீட்டில, கசேரியில, ராஜா கணக்கில."

"புண்ணியவதி" என்றாள் சம்பந்தியம்மாள். செவ்வாழைக் குலை இப்போதும் அவள் மடியில்தான் இருந்தது.

செந்தில்வேலைக் கேட்கவே வேண்டாம். தோற்ற வழக்கில் அவருக்கு அரைமணி நேரத்தில் வேறு வாதம் கிடைத்துவிட்டது. பெருங்கடவிளையிலிருந்தும் திருப்புறத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வந்து இறங்க இறங்க, வாசலிலேயே மறித்து, "எங்க உமைக்குப் புத்தியாக்கும் புத்தி. காலம்பறயே என்னவோ மனசில தோணியிருக்கு. அத எடுத்துப் பூட்டிட்டா. அதினால தம்பிக்கு மானமான சாவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் உள்ளே வந்து உமையம்மாளின் கையைப் பிடித்து, நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். பத்துப் பேர் சொன்னார்கள், இருபது பேர் சொன்னார்கள். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் அடி விழுந்தது. டாக்டர் சொன்னது உள்ளே கிடந்து அறுத்தது. வர வேண்டியது எப்படியும் வந்திருக்குமென்றால், கட்டிலுக்கு அடியில் ஒட்டடையோடு ஊர்ந்த அந்த அரைமணி நேரத்தை அவர் ரோட்டில் அல்லவா கழித்திருப்பார். மூன்று தடவையாவது இறங்கியிருப்பார். மூன்று பதினொன்று முப்பத்து மூன்று. அந்த முப்பத்து மூன்று நொடியை அவள் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இதைச் சொல்லி அழ அந்த வீட்டில் ஒரு ஆள் இல்லை. சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் விபூதி பூசிக்கொண்டு கிடந்தார்.

மூன்றரை மணிக்கு எடுத்தார்கள். அவர்களுடைய பறம்பு நிலம் இறக்கத்தின் அடியில், சானலைத் தாண்டி இருக்கிறது. அப்பனையும் பாட்டனையும் எரித்த இடம். அங்கே மாமரம் வெட்டி அடுக்கியாயிற்று. பாடையை மோகனன், அஜின், இன்னும் இரண்டு பேர் தோளில் ஏற்றினார்கள். அனில் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். பெண்கள் வாசற்படியோடு நின்றுகொள்ள வேண்டும், அதற்கு அப்பால் ஆண்கள் மட்டும்தான். செந்தில்வேல் பக்கத்தில் நின்று முறை சொன்னார்.

"எறக்கமாக்கும். சறுக்கும். ஒவ்வொரு அடியா வைக்கணும். பாத்து. மோகனா, பாத்து. அஜினே, நீ அந்தப் பக்கம் பாத்து."

பாடை அசைந்து அசைந்து ஓரடி நகர்ந்தது, நின்றது. இன்னும் ஓரடி நகர்ந்தது. பாத்து, பாத்து என்றார் செந்தில்வேல்.

உமையம்மாள் படியிறங்கினாள். பின்னாலிருந்து இரண்டு மூன்று கைகள் அவளைப் பிடிக்க நீண்டன. உதறிவிட்டு ரோட்டு நடுவுக்கு வந்து நின்றாள்.

"மோகனா."

பாடை நின்றது. மோகனன் தோளில் சுமையோடு கழுத்தை மட்டும் திருப்பினான்.

"என்ன அக்கா?"

"வேகத்தில கொண்டு போங்க மக்கா."

"அம்மா" என்றான் அனில்.

"ஓடினாலும் குற்றமில்ல. இந்த எறக்கத்தில அவரு ஒருநாளும் மெள்ளப் போனதில்ல."

"பிள்ளே, உனக்கு என்ன கோட்டியா?" என்றார் செந்தில்வேல். "சவத்தக் கொண்டுட்டு ஓடவா? ஆளுக என்ன சொல்லுவாங்க?"

"சொல்லட்டு பெரியத்தான். சொல்லி முடிக்கட்டு."

மோகனன் அவளைப் பார்த்தான். எந்த ஓட்டை எங்கே என்று அவனுக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும். முன்னால் திரும்பி ஒரு எட்டு நீளமாக எடுத்து வைத்தான். நாலு தோளில் ஒரு தோள் வேகமெடுத்தால் மற்ற மூன்றும் எடுத்தே ஆக வேண்டும். மீதியை இறக்கம் பார்த்துக்கொண்டது. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன அனில், பின்னால் பாடை நெருங்குவதைத் திரும்பிப் பார்த்து, முதலில் வேகமாக நடந்து, பிறகு வேறு வழியில்லாமல் ஓடினான். சட்டியிலிருந்து புகை பின்பக்கமாக நீண்டது. செவ்வந்தியும் துளசியும் ரோடு முழுக்கச் சிதறின. செந்தில்வேல் எழுபத்திரண்டு வயதில் வேட்டியை மடித்துத் தூக்கிக்கொண்டு, பாத்து பாத்து என்றபடி பின்னால் ஓடினார், அவரால் எட்ட முடியவில்லை.

அம்மிணி வந்து உமையம்மாளின் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்கோ அக்கா. ரோட்டில நிக்கப்பிடாது."

"செத்த பொறு பிள்ளே" என்றாள் உமையம்மாள், கண்ணை எடுக்காமல். "சானலுக்கிட்ட எத்தட்டு."